பைபிளும் பயாலஜி புக்கும்: அமெரிக்காவுல ஓயாத சண்டை பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்க வந்து செட்டில் ஆன நம்ம ஆளுங்களும் சரி, ஊர்ல இருந்து நியூஸ் பாத்துட்டு போன் பண்றவங்களும் சரி, திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளைத் தான் இங்க சேர்த்து வச்சிருக்கேன். நான் சர்ச்சுக்குப் போற ஆள், என் பிள்ளைங்க இங்க அரசு ஸ்கூல்ல பயாலஜி படிக்குதுங்க, அதனால இந்த விஷயத்துல ரெண்டு பக்கமும் எனக்கு அக்கறை இருக்கு, அதை மறைக்காம தான் எழுதுறேன்.

நிலாவுக்கு ஆள் அனுப்புன நாடு, நோபல் பரிசை வருஷா வருஷம் வாங்குற நாடு, அங்க இன்னுமா பரிணாமம் உண்மையா பொய்யான்னு சண்டை?

ஆமா, இன்னும் தான். கருத்துக்கணிப்பு எடுக்குற கேலப் நிறுவனம் 1982ல இருந்து இந்த ஒரே கேள்வியை மக்கள்கிட்ட கேட்டுட்டு வருது. 2024ல 37 சதவீதம் பேர், மனுஷனைக் கடவுள் இப்ப இருக்கிற உருவத்துலயே கடந்த பத்தாயிரம் வருஷத்துக்குள்ள படைச்சார்னு சொன்னாங்க. பரிணாமம் நடந்துச்சு ஆனா கடவுள் தான் அதை நடத்தினார்னு சொன்னவங்க 34 சதவீதம், கடவுளுக்கு அதுல பங்கே இல்லைன்னவங்க 24. 1982ல முதல் கூட்டம் 44 சதவீதமா இருந்துச்சு, கடைசி கூட்டம் வெறும் 9 தான். மாறுது, ஆனா ரொம்ப மெதுவா.

என்னைக் கேட்டா சண்டையே எலும்புக்கூடு பத்தி கிடையாது. என் பிள்ளைக்கு எது உண்மைன்னு யார் சொல்லித் தர்றது, அது தான் சண்டை. நம்ம ஊர் மாதிரி இங்க மாநிலம் பூரா ஒரே பாடப்புத்தகம் கிடையாது, நாட்டுக்கே பொதுவான சிலபஸும் கிடையாது. ஏறக்குறைய 13,000 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் இருக்கு, பெரும்பாலானதுக்கு ஒரு போர்டு, அந்த போர்டுக்கு எலக்ஷன், ஸ்கூல் செலவுல பெரிய பங்கு அந்த ஊர்க்காரங்க கட்டுற வீட்டு வரில இருந்து வருது. அதனால உங்க தெருவுல கடை வச்சிருக்கிறவர் எலக்ஷன்ல நின்னு ஜெயிச்சா பயாலஜி பாடத்துல கை வைக்க முடியும். டெக்சாஸ் மாநிலக் கல்வி போர்டுக்கு 2007ல இருந்து 2009 வரைக்கும் தலைவரா இருந்தவர் ஒரு பல் டாக்டர், பூமிக்கு சில ஆயிரம் வருஷம் தான் வயசுன்னு வெளிப்படையா நம்பினவர். டெக்சாஸ் அவ்வளவு புத்தகம் வாங்குற மாநிலம்கிறதால அங்க எடுக்கிற முடிவு மத்த மாநிலத்துப் பதிப்பகங்களையும் அசைக்கும். இங்கிலாந்து, பிரான்ஸ்ல இந்தச் சண்டை இவ்வளவு பெருசா இல்லாததுக்கு முக்கியமான காரணம் அங்க பாடத்திட்டம் ஒரே இடத்துல முடிவாகிடுது.

அமெரிக்க கிறிஸ்தவங்க எல்லாருமே சயின்ஸுக்கு எதிரா?

இல்லவே இல்ல, இந்த ஒரு தப்பான எண்ணத்தை மட்டும் விட்டுட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துடும். பியூங்கிற கருத்துக்கணிப்பு நிறுவனத்தோட 2023-24 கணக்குப்படி பெரியவங்கள்ல 62 சதவீதம் பேர் கிறிஸ்தவங்க, அதுல இவாஞ்சலிக்கல் புராட்டஸ்டன்ட்னு சொல்ற சுவிசேஷ சபைக்காரங்க நாட்டு ஜனத்தொகையில 23 சதவீதம் தான். கத்தோலிக்க சபையில போப் 12ஆம் பயஸ் 1950லயே பரிணாமத்தை ஆராயுறதுக்குத் தடை இல்லைன்னு சொல்லிட்டார், 1996ல 2ஆம் ஜான் பால் அது வெறும் ஊகத்தைத் தாண்டின விஷயம்னே சொன்னார். பிரபஞ்சம் விரிஞ்சுட்டே இருக்குன்னு 1927ல எழுதி, பின்னாடி பிக் பேங்னு பேர் வாங்கின கருத்துக்கு அடிப்படை போட்ட லெமெய்த்தர் ஒரு கத்தோலிக்க பாதிரியார். மெதடிஸ்ட், எபிஸ்கோபல், பிரெஸ்பிட்டேரியன் பழைய சபைகள்ல பெரும்பாலானவங்க பரிணாமத்தோட சண்டை போட்டுட்டு இல்ல. கறுப்பின சபைகள் தனிக் கதை, வேதத்தை ரொம்ப நேரடியா எடுத்துக்குவாங்க ஆனா ஓட்டு போடுறது பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு. இந்தப் பேஜ்ல நான் சண்டைன்னு சொல்றது பெரும்பாலும் வெள்ளையர் சுவிசேஷ சபைகள்ல ஒரு பெரிய பகுதியைப் பத்தி.

டார்வின் எழுதின உடனே சர்ச்சுங்க எதிர்த்து நின்னுச்சுங்களா?

நிறைய பேர் அப்படித் தான் நினைக்கிறாங்க. அமெரிக்காவுல டார்வினுக்காக முதல்ல பேசினவர் ஹார்வர்டு தாவரவியல் பேராசிரியர் ஏசா கிரே, அவர் ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போற பக்தியான கிறிஸ்தவர். இன்னும் ஆச்சரியம் என்னன்னா, வேதத்தை அப்படியே நம்புற சபைக்காரங்களைச் சொல்ற ஃபண்டமென்டலிஸ்ட்ங்கிற பேரே 1910ல இருந்து 1915 வரைக்கும் ஒரு எண்ணெய்க் கம்பெனி முதலாளி காசு போட்டு அச்சடிச்சு இலவசமா அனுப்பின 12 தொகுதி கட்டுரைகள்ல இருந்து வந்தது, அதுல எழுதின ஜேம்ஸ் ஓர், பெஞ்சமின் வார்ஃபீல்டு மாதிரி ஆளுங்க பூமி ரொம்பப் பழசுன்னு ஏத்துக்கிட்டவங்க, கடவுள் பரிணாமம் மூலமாவும் படைச்சிருக்கலாம்னு ஓரளவுக்கு இடம் கொடுத்தவங்க. வேதத்துல ஒரு தப்பும் இல்லைங்கிறதுக்காக கடைசி வரைக்கும் வாதாடின அதே வார்ஃபீல்டு!

அப்புறம் எப்ப மாறிச்சுன்னா முதல் உலகப்போருக்கு அப்புறம். டார்வின் கருத்தை எடுத்துத் தான் ஜெர்மனி, பலம் உள்ளவன் ஜெயிப்பான்னு போருக்குப் போச்சுன்னு ஒரு பேச்சு அமெரிக்காவுல பரவிச்சு. அதே சமயம் ஹைஸ்கூல் படிப்பு முதல் தடவையா கிராமத்துப் பிள்ளைங்களையும் எட்டிச்சு. அதுவரைக்கும் பேராசிரியர்கள் மேஜையில இருந்த விஷயம் நேரா விவசாயி வீட்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்துடுச்சு.

ஸ்கோப்ஸ் கேஸ், குரங்கு கேஸ்னு சொல்றாங்களே, அதுல உண்மையில என்ன நடந்துச்சு?

1925 மார்ச்ல டென்னசி மாநிலம் பட்லர் சட்டம்னு ஒண்ணு போட்டுச்சு, அரசு ஸ்கூல்ல மனுஷன் கீழான விலங்குல இருந்து வந்தான்னு சொல்லித் தந்தா குத்தம். ஏசிஎல்யூங்கிற சிவில் உரிமை அமைப்பு, இந்தச் சட்டத்தை எதிர்த்து கேஸ் போட ஒரு டீச்சர் முன்வந்தா செலவை நாங்க பாத்துக்கறோம்னு பேப்பர்ல விளம்பரம் கொடுத்துச்சு. டேட்டன்ங்கிற சின்ன ஊர்ல, தொழில் எல்லாம் படுத்துப்போயிருந்த நேரம், ஊர்ப் பெரியவங்க சிலர் மருந்துக்கடையில உட்கார்ந்து பேசி இந்த கேஸை நம்ம ஊருக்குக் கொண்டுவந்தா ஊருக்குப் பேரும் வியாபாரமும் வரும்னு முடிவு பண்ணி ஜான் ஸ்கோப்ஸ்ங்கிற 24 வயசு வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, அவர் ஃபுட்பால் கோச், பயாலஜி வாத்தியார் லீவுல இருந்தப்போ கொஞ்ச நாள் பாடம் எடுத்தவர், தான் பரிணாமத்தை நடத்தினோமான்னே அவருக்குச் சரியா ஞாபகம் இல்ல, இருந்தாலும் சரின்னுட்டார்.

அரசுத் தரப்புல வந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், மூணு தடவை ஜனநாயகக் கட்சி சார்பா ஜனாதிபதி தேர்தல்ல நின்னு தோத்தவர். எதிர்த்தரப்புல கிளாரன்ஸ் டாரோ, நாட்டுலயே பேர் போன வக்கீல். சிகாகோ ரேடியோ ஸ்டேஷன் நேரடியா ஒலிபரப்புச்சு. ஜூலை 20ஆம் தேதி கோர்ட்டுக்கு வெளியே புல்வெளியில வச்சு டாரோ, பிரையனையே வேத நிபுணரா சாட்சிக் கூண்டுல ஏத்தி கேள்வி மேல கேள்வி கேட்டார். யோசுவா சூரியனை நிறுத்தினது எப்படி, காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாங்க, இப்படி. அதுல பிரையன், பைபிளோட முதல் புத்தகமான ஆதியாகமத்துல சொல்ற ஆறு நாள் 24 மணி நேர நாள் தான்னு கட்டாயம் இல்ல, நீண்ட காலமா இருக்கலாம்னு ஒத்துக்கிட்டார். மறுநாள் ஜூரி ஒன்பதே நிமிஷத்துல ஸ்கோப்ஸ் குற்றவாளின்னு சொல்லிடுச்சு, 100 டாலர் அபராதம். கேஸ் முடிஞ்ச அஞ்சாவது நாள் பிரையன் அந்த ஊர்லயே இறந்துட்டார்.

1927ல மாநில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை ரத்து பண்ணிச்சு, ஆனா சட்டம் தப்புன்னு சொல்லி இல்ல, 50 டாலருக்கு மேல அபராதம்னா ஜூரி தான் போடணும், ஜட்ஜ் போட்டுட்டார்னு ஒரு டெக்னிக்கல் காரணம். பட்லர் சட்டம் 1967 வரைக்கும் சட்டப் புத்தகத்துல இருந்துச்சு. அன்னைக்கு சயின்ஸ் ஜெயிச்சுடுச்சுன்னு சொல்றவங்க ஒண்ணு மறந்துடறாங்க, அதுக்கப்புறம் பதிப்பகங்கள் பயந்துபோய் பரிணாமம்ங்கிற வார்த்தையையே புத்தகத்துல இருந்து குறைச்சுட்டாங்க. 1957ல ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விட்டு அமெரிக்கா பதறிப்போய் சயின்ஸ் படிப்புக்குக் காசு கொட்டின பிறகு தான் அது திரும்பி வந்துச்சு.

அப்போ பிரையன் ஒரு படிக்காத மூடன், அவ்வளவு தானே?

இதை நான் ஒத்துக்கவே மாட்டேன். பிரையன் தொழிலாளிக்காகவும் பெண்கள் ஓட்டுரிமைக்காகவும் நின்னவர், முதல் உலகப்போருக்கு நாடு போகிற மாதிரி இருக்குன்னு வெளியுறவு அமைச்சர் பதவியையே விட்டவர். ஸ்கோப்ஸ் நடத்தின அந்த பயாலஜி புத்தகத்தை இன்னைக்கு எடுத்துப் பாத்தா, அதே புத்தகத்துல மனுஷ இனங்கள்ல வெள்ளை இனம் தான் உசந்ததுன்னு இருக்கு, மனநலம் குன்றியவங்க குடும்பங்கள் ஒட்டுண்ணிங்க, அவங்க பெருகாம தடுக்கணும்னு யூஜெனிக்ஸ் பாடம் இருக்கு. அன்னைக்கு அது தான் பெரிய பல்கலைக்கழகங்களோட சயின்ஸ். 1927ல சுப்ரீம் கோர்ட் பக் கேஸ்ல ஒரு ஏழைப் பொண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை பண்ணலாம்னு 8க்கு 1ன்னு தீர்ப்பு சொல்லிச்சு, எதிர்த்து நின்ன அந்த ஒரே ஜட்ஜ் பியர்ஸ் பட்லர், அந்த பெஞ்சுல இருந்த ஒரே கத்தோலிக்கர்.

பிரையன் பயாலஜில தப்பு, முழுசா தப்பு. ஆனா சயின்ஸ்னு பேர் போட்டு வர்ற எல்லாத்தையும் ஏழை ஜனங்க தலைகுனிஞ்சு ஏத்துக்கணுமான்னு அவர் கேட்ட கேள்வி தப்பு இல்ல. இங்க கிராமத்து சபைகள்ல இருக்கிற சந்தேகத்துக்கு இது ஒரு வேர், அதைக் கேலி பண்ணிப் பண்ணியே நாம இன்னும் ஆழமா இறக்கிட்டோம்.

பூமிக்கு 6000 வயசுங்கிறது ரெண்டாயிரம் வருஷத்து கிறிஸ்தவ நம்பிக்கை தானே?

கணக்கு பழசு, இயக்கம் புதுசு. 17ஆம் நூற்றாண்டுல அயர்லாந்து பிஷப் ஜேம்ஸ் அஷர் வேதத்துல இருக்கிற வம்சாவளியை எல்லாம் கூட்டி கி.மு. 4004ல படைப்புன்னு சொன்னார். ஆனா 19ஆம் நூற்றாண்டு நிலவியல் வந்ததும் பெரும்பாலான படிச்ச கிறிஸ்தவங்க அதை விட்டுட்டாங்க. 1909ல வந்து லட்சக்கணக்கான வீட்டுல இருந்த ஸ்கோஃபீல்டு பைபிள் குறிப்புல கூட ஆதியாகமம் முதல் வசனத்துக்கும் ரெண்டாவது வசனத்துக்கும் நடுவுல எத்தனை கோடி வருஷமும் இருக்கலாம்னு தான் இருந்துச்சு.

பாறை அடுக்குகள் எல்லாம் நோவா காலத்து ஜலப்பிரளயம் ஒரே வருஷத்துல உண்டாக்கினதுன்னு சொன்னவர் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ், செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபைக்காரர், அந்தக் காலத்துல மத்த சபைங்க அந்தச் சபையையே சந்தேகமா தான் பாத்தாங்க. 1961ல ஒரு இறையியல் ஆசிரியரும் ஹென்றி மாரிஸ்ங்கிற நீரியல் என்ஜினியரும் சேர்ந்து அதே கருத்தைப் புது பாஷையில எழுதினாங்க, அங்க இருந்து தான் இளம் பூமிக் கொள்கை சுவிசேஷ சபைகள் முழுக்கப் பரவிச்சு. இன்னைக்கு கென்டக்கில 2007ல திறந்த படைப்பு மியூசியம் இருக்கு, 2016ல திறந்த நோவா பேழை மாதிரிக் கட்டடம் இருக்கு, ரெண்டையும் நடத்துறது ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த கென் ஹாம் அமைப்பு.

2014 பிப்ரவரில அந்த மியூசியத்துல கென் ஹாமும் டிவில சயின்ஸ் சொல்லித் தர்ற பில் நையும் விவாதம் பண்ணாங்க, உங்க கருத்தை எது மாத்தும்னு ஒரு கேள்வி வந்துச்சு. நை, ஆதாரம்னார். ஹாம், நான் கிறிஸ்தவன், வேதம் கடவுள் வார்த்தைங்கிறதை எதுவும் மாத்தாதுன்னார். நான் அதைப் பாத்தப்போ எனக்கு வருத்தமா இருந்துச்சு, ஏன்னா கிறிஸ்துவை நம்புறதும் பூமிக்கு 6000 வயசுன்னு நம்புறதும் ஒண்ணே தான்னு ஒரு பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தா, அந்தப் பிள்ளை காலேஜ்ல முதல் நிலவியல் க்ளாஸ் போனதும் ரெண்டையும் சேர்த்தே விட்டுடும். இந்தப் புண் எங்க சபை வீடுகள்ல நிறைய இருக்கு.

கோர்ட்ல கடைசியா என்ன முடிவு?

அரசு ஸ்கூல் சயின்ஸ் க்ளாஸ்ல படைப்பை நடத்த முடியாது, பரிணாமத்தைத் தடை பண்ணவும் முடியாது. 1968ல அர்கன்சா மாநிலத் தடைச் சட்டத்தை சூசன் எப்பர்சன்ங்கிற டீச்சர் எதிர்த்துப் போய் சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சாங்க. சரி தடை பண்ண முடியலைன்னா ரெண்டுக்கும் சம நேரம் கொடுன்னு அதே அர்கன்சா சட்டம் போட்டப்போ 1982ல ஃபெடரல் கோர்ட் அதையும் தள்ளிச்சு, அந்த கேஸ் போட்டவங்க லிஸ்ட்டைப் பாருங்க, முதல் பேர் ஒரு மெதடிஸ்ட் போதகர், கூட மெதடிஸ்ட், எபிஸ்கோபல், கத்தோலிக்க பிஷப்புங்க! 1987ல லூசியானா சம நேரச் சட்டத்தை சுப்ரீம் கோர்ட் 7க்கு 2ன்னு அடிச்சுது, 72 நோபல் விஞ்ஞானிகள் சேர்ந்து மனு கொடுத்திருந்தாங்க.

அப்புறம் வந்தது பென்சில்வேனியாவுல டோவர் கேஸ், எனக்கு இது தான் முக்கியம். 2004ல டோவர் ஸ்கூல் போர்டு, ஒன்பதாம் வகுப்பு பயாலஜில பரிணாமம் வெறும் தியரி, ஓட்டை இருக்கு, உயிர்களை ஏதோ ஒரு அறிவுள்ள சக்தி தான் வடிவமைச்சுதுன்னு சொல்ற அறிவார்ந்த வடிவமைப்புன்னு இன்னொரு கருத்து இருக்கு, லைப்ரரில புத்தகம் இருக்கு படிங்கன்னு ஒரு அறிக்கையை வாசிக்கச் சொல்லிச்சு. சயின்ஸ் டீச்சர்ஸ் மாட்டோம்னு ஒரே குரலா சொல்லிட்டாங்க, நிர்வாகத்து ஆளுங்க வந்து வாசிச்சாங்க. 11 பெற்றோர் கேஸ் போட்டாங்க. கோர்ட்ல அந்த லைப்ரரிப் புத்தகத்தோட பழைய வரைவுகளை எடுத்துப் போட்டப்போ, 1987 தீர்ப்பு வரைக்கும் படைப்புவாதிகள்னு இருந்த இடத்துல எல்லாம் தீர்ப்புக்கு அப்புறம் வடிவமைப்பு ஆதரவாளர்கள்னு மாத்தியிருக்காங்க, ஒரு இடத்துல அவசரத்துல பழைய வார்த்தை பாதி அழியாம புது வார்த்தையோட ஒட்டி நின்னுச்சு. அது ஒண்ணே போதும்.

தீர்ப்பு சொன்ன ஜட்ஜ் ஜான் ஜோன்ஸ், ஜார்ஜ் புஷ் நியமிச்சவர், ரிபப்ளிகன், லூத்தரன் சபைக்காரர். 2005 டிசம்பர் 20ல 139 பக்கத் தீர்ப்புல இது சயின்ஸ் இல்ல, படைப்புவாதத்துக்கு வேற பேர்னு எழுதினார், மதத்துக்காக நிக்கிறோம்னு பெருமையா சொன்ன போர்டு உறுப்பினர்கள் சிலர் தங்களோட உண்மையான நோக்கத்தை மறைக்க பொய் சொன்னாங்கன்னும் எழுதினார். அவருக்குக் கொலை மிரட்டல் வந்து போலீஸ் பாதுகாப்பு போட வேண்டியதாச்சு. தீர்ப்புக்கு முன்னாடியே நவம்பர் எலக்ஷன்ல ஊர் ஜனங்க, போட்டி போட்ட அந்த எட்டு உறுப்பினரையும் தோக்கடிச்சுட்டாங்க. ஸ்கூலுக்கு வக்கீல் செலவு பத்து லட்சம் டாலருக்கு மேல. பெற்றோருக்காக முதல்ல சாட்சி சொன்ன பயாலஜி பேராசிரியர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். அந்தக் கோர்ட்டுல சயின்ஸ் பக்கம் நின்னவங்கள்ல எத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல இருந்தவங்கன்னு நினைச்சுப் பாக்கணும்.

கோர்ட் தீர்ப்பு தான் வந்துடுச்சே, இனி ஸ்கூல்ல எல்லாம் ஒழுங்கா நடக்குமே?

நடக்கல. 2007ல ஹைஸ்கூல் பயாலஜி டீச்சர்ஸ்கிட்ட நாடு முழுக்க எடுத்த ஒரு சர்வேல வெளிப்படையா படைப்பை நடத்துறவங்க 13 சதவீதம், பரிணாமத்தை முறையா நடத்துறவங்க 28 சதவீதம், மீதி ஏறக்குறைய 60 சதவீதம் பேர் நடுவுல, யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்னு பட்டும் படாம நடத்திட்டு போறவங்க. போன் வரும், பாஸ்டர் பேசுவார், கடைத்தெருவுல பெற்றோர் முகம் கொடுக்க மாட்டாங்கங்கிற பயம். அதுக்கப்புறம் நிலைமை நல்லாவே முன்னேறியிருக்கு, ஆனா கோர்ட்டால தொட முடியாத இடம் அந்த 60 சதவீதம் தான்.

அமெரிக்க அரசு ஸ்கூல்ல ஜெபம் பண்ணவே கூடாதாமே?

பண்ணலாம். பிள்ளைங்க தானா ஜெபம் பண்ணலாம், பைபிள் கொண்டு போகலாம், 1984 சட்டப்படி மத்த கிளப் நடக்கிற ஹைஸ்கூல்ல பைபிள் கிளப்பும் நடத்தலாம். ஸ்கூல் நடத்துற ஜெபம் தான் கூடாது, 1962லயும் 1963லயும் சுப்ரீம் கோர்ட் சொன்னது அது தான். கடவுளை ஸ்கூல்ல இருந்து வெளியேத்திட்டாங்கன்னு அறுபது வருஷமா பிரசங்கம் நடக்குது, அந்த வலியை நான் சின்னதா நினைக்கல, ஆனா உண்மை அது இல்ல.

சமீபத்துல காத்து மாறி அடிக்குது. 2022ல வாஷிங்டன் மாநிலத்துல ஃபுட்பால் கோச் ஒருத்தர் மேட்ச் முடிஞ்சதும் மைதானத்துல முழங்கால் போட்டு ஜெபம் பண்ண கேஸ்ல 6க்கு 3ன்னு அவர் பக்கம் தீர்ப்பு வந்துச்சு. 1980ல கென்டக்கி க்ளாஸ் ரூம்ல பத்துக் கட்டளை மாட்டினது செல்லாதுன்னு கோர்ட் சொல்லியிருந்தும் 2024ல லூசியானா அதே மாதிரி சட்டம் போட்டுச்சு, டெக்சாஸும் பின்னாடியே போட்டுச்சு. என் கருத்து, எந்தச் சபையோட பத்துக் கட்டளை? கத்தோலிக்கர் எண்ணுற வரிசை ஒண்ணு, புராட்டஸ்டன்ட் வரிசை இன்னொண்ணு, யூதர் வரிசை வேற. சுவத்துல மாட்ட ஒரு வரிசையை அரசு தேர்ந்தெடுத்தாலே அரசு இறையியல் பண்ண ஆரம்பிச்சுடுச்சு. மதத்துக்கும் அரசுக்கும் நடுவுல சுவர்னு அப்போ ஜனாதிபதியா இருந்த ஜெஃபர்சன் 1802ல எழுதினது யாருக்குன்னா டான்பரிங்கிற ஊர் பாப்டிஸ்ட் சபைக்கு, அன்னைக்கு அவங்க கனெக்டிகட்ல சிறுபான்மை, அரசு ஆதரிக்கிற வேற சபைக்கு வரி கட்டி நொந்து போயிருந்தவங்க. சுவரைக் கேட்டு வாங்கினவங்கள்ல பாப்டிஸ்ட்டுகளும் உண்டு, அந்த வரலாறு அவங்க சண்டே ஸ்கூல்லயே இப்ப சொல்லப்படுறது குறைஞ்சுடுச்சு.

இது எப்ப கட்சி அரசியலா மாறிச்சு?

1970கள் கடைசில. 1976 ஜனாதிபதி தேர்தல்ல ஜனநாயகக் கட்சி சார்பா ஜெயிச்ச ஜிம்மி கார்ட்டர் சண்டே ஸ்கூல் நடத்துற பாப்டிஸ்ட், சுவிசேஷ சபைக்காரங்க நிறைய பேர் அவருக்கு ஓட்டு போட்டாங்க. கருக்கலைப்பு தான் எல்லாத்துக்கும் ஆரம்பம்னு இப்ப சொல்றாங்க, ஆனா சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு 1971ல பலாத்காரம், கருவுல கடுமையான குறை, தாயோட உடல் மன ஆரோக்கியம் மாதிரி காரணங்களுக்கு கருக்கலைப்பை அனுமதிக்கணும்னே தீர்மானம் போட்டிருக்கு. வரலாற்றாசிரியர்கள் சிலர் முதல் தீப்பொறி வேற இடத்துலங்கிறாங்க: கறுப்பின மாணவர்களைப் பிரிச்சு வச்ச கிறிஸ்தவத் தனியார் பள்ளி கல்லூரிகளுக்கு வரிச் சலுகையை அரசு பிடுங்க ஆரம்பிச்சது. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976ல சலுகையை இழந்து 1983ல சுப்ரீம் கோர்ட்லயும் தோத்துச்சு. 1979ல ஜெர்ரி ஃபால்வெல்ங்கிற போதகர் மாரல் மெஜாரிட்டிங்கிற கிறிஸ்தவ அரசியல் அமைப்பை ஆரம்பிச்சார். 1980ல டல்லஸ்ல ஆயிரக்கணக்கான போதகர்கள் கூடின கூட்டத்துல ரிபப்ளிகன் ஜனாதிபதி வேட்பாளர் ரீகன், நீங்க என்னை ஆதரிக்க முடியாதுன்னு தெரியும், ஆனா நான் உங்களை ஆதரிக்கிறேன்னார், பரிணாமத்துல ஓட்டை இருக்குன்னு அன்னைக்கு நிருபர்கள்கிட்டயும் சொன்னார். 2016ல வெள்ளையர் சுவிசேஷ சபைக்காரங்கள்ல பத்துல எட்டு பேர் ரிபப்ளிகன் வேட்பாளர் டிரம்புக்குப் போட்டதா எக்ஸிட் போல் சொல்லிச்சு.

இதுல சயின்ஸுக்கு வந்த கேடு பெருசு, சபைக்கு வந்த கேடு அதை விடப் பெருசு. ஒரு போதகர் க்ளைமேட் பத்தி வாய் திறந்தா அவர் எந்தக் கட்சின்னு தான் முதல்ல பாக்குறாங்க.

க்ளைமேட்டும் தடுப்பூசியும் வேதத்துக்கு எதிரா என்ன?

வேதத்துல ஒரு வரி கூட இல்ல, அதனால தான் இது கட்சி சண்டைன்னு சொல்றேன். 2006ல சுவிசேஷத் தலைவர்கள் 86 பேர் க்ளைமேட்டுக்கு நடவடிக்கை வேணும்னு கையெழுத்து போட்டாங்க, உடனே மத்த தலைவர்கள் எதிர்த்து அந்த முயற்சி அமுங்கிப்போச்சு. டெக்சாஸ்ல இருக்கிற க்ளைமேட் விஞ்ஞானி கேத்தரின் ஹேஹோ ஒரு போதகரோட மனைவி, ஊர் ஊரா சர்ச்சுல போய் பேசுறாங்க, அவங்களுக்கு வர்ற வசவுல நிறைய சக கிறிஸ்தவங்ககிட்ட இருந்து தான்.

தடுப்பூசிக் கதை இன்னும் மனசை உறுத்தும். 1721ல பாஸ்டன்ல பெரியம்மை வந்தப்போ அம்மைப்பால் குத்துற முறையை ஊர்ல பரப்பினவர் காட்டன் மேதர்ங்கிற பியூரிட்டன் போதகர், அதை அவருக்குச் சொன்னவர் அவர் வீட்டுல அடிமையா இருந்த ஒனேசிமஸ்ங்கிற ஆப்பிரிக்கர். எதிர்த்தவங்க டாக்டர்ங்க! மேதர் வீட்டு ஜன்னல்ல வெடிகுண்டு கூட வீசினாங்க. 300 வருஷம் கழிச்சு 2021ல பேர் போன சுவிசேஷப் பிரசங்கி பிராங்க்ளின் கிரகாம் தடுப்பூசி போட்டுக்கோங்கன்னு சொன்னப்போ அவரைப் பின்பற்றுறவங்களே ஃபேஸ்புக்ல அவரைத் திட்டினாங்க. அப்போ தேசிய சுகாதார ஆய்வு நிறுவனங்களுக்குத் தலைவர் பிரான்சிஸ் காலின்ஸ், மனித மரபணுத் திட்டத்தை முடிச்சுக் காட்டினவர், தானும் சுவிசேஷ விசுவாசின்னு எல்லாருக்கும் சொன்னவர். இவரை விடப் பொருத்தமான ஆளை எங்க போய்த் தேடுறது? அவர் சொல்லியும் நிறைய சபைகள் கேக்கல.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன்காரங்க இதே பக்தியான புராட்டஸ்டன்ட் ஆளுங்க தான். 1823ல வட்டுக்கோட்டையில அவங்க ஆரம்பிச்ச செமினரில வானவியலும் கணிதமும் நடந்துச்சு. மாசசூசெட்ஸ்ல இருந்து 1847ல யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாய்ல வேலை செஞ்ச டாக்டர் சாமுவேல் கிரீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழ்லயே சொல்லிக்கொடுத்து உடற்கூறு, அறுவை, பிரசவ வைத்தியப் புத்தகங்களைத் தமிழாக்கினார். 1819ல வந்த ஜான் ஸ்கடரோட பேத்தி ஐடா ஸ்கடர் தான் வேலூர் மருத்துவக் கல்லூரியை 1918ல ஆரம்பிச்சவங்க. வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்பினவங்க கத்தியையும் மைக்ராஸ்கோப்பையும் கையில எடுக்கத் தயங்கல. இவங்க பேரப்பிள்ளைங்க தலைமுறைச் சபைகள்ல சயின்ஸைப் பாத்து பயம் வந்தது விசுவாசம் கூடினதால இல்லைங்கிறதுக்கு எனக்கு இதை விட நல்ல ஆதாரம் தெரியல.

என் பிள்ளை இங்க ஸ்கூல்ல படிக்குது, டீச்சர் பரிணாமத்தைத் தாண்டிப் போயிட்டாலோ மதம் நடத்தினாலோ நான் என்ன பண்ணணும்?

முதல்ல டீச்சர்கிட்ட தனியா, மரியாதையா பேசுங்க, பாதி தடவை அவங்களுக்குத் தேவைப்படுறது ஒரு பெற்றோர் கூட நிக்கிறாங்கங்கிற தைரியம் தான். உங்க மாநிலத்தோட சயின்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ் நெட்ல இருக்கும், அதுல பரிணாமம் எந்த வகுப்புல வருதுன்னு பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. அப்புறம் பிரின்சிபல், அதுக்கு மேல ஸ்கூல் போர்டு மீட்டிங், அதுல பொதுமக்கள் பேசுறதுக்குன்னு நேரம் ஒதுக்குவாங்க, சிட்டிசனா இல்லாட்டியும் பொதுவா பேசலாம். ஸ்கூல் சயின்ஸ்ல இந்த மாதிரி பிரச்சினைக்குன்னே 1981ல இருந்து தேசிய அறிவியல் கல்வி மையம்னு ஒரு அமைப்பு கலிஃபோர்னியாவுல இருக்கு, எழுதினா வழி சொல்லுவாங்க. சிட்டிசன் ஆகிட்டீங்கன்னா ஸ்கூல் போர்டு எலக்ஷன்ல தயவுசெஞ்சு ஓட்டு போடுங்க, நிறைய ஊர்ல அதுக்கு வர்ற கூட்டம் ரொம்பக் கம்மி, சில நூறு ஓட்டுல முடிவு மாறிடும்.

என் பிள்ளை படைப்பைத் தான் நம்புறேன்னு சொன்னா மார்க் குறைப்பாங்களா?

நம்பிக்கைக்காகக் குறைக்கக் கூடாது. பரிட்சையில பரிணாமம் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா சயின்ஸ் என்ன சொல்லுதோ அதை எழுதணும், எழுதினா முழு மார்க், வீட்டுக்கு வந்து என்ன நம்புறதுங்கிறது உங்க வீட்டு விஷயம். என் பெரிய பிள்ளை எங்க பாஸ்டர்கிட்டயே போய் டைனோசர் எப்ப இருந்துச்சுன்னு கேட்டுச்சு, அவர் ஆறு கோடியே அறுபது லட்சம் வருஷத்துக்கு முன்னாடி அழிஞ்சதுன்னு பதில் சொல்லிட்டு, வா இப்ப சங்கீதம் படிப்போம்னார்.